மோனை

பிரசங்கியார் ஒரு வாக்கியம் சொல்வார். இவன் அதைத் தமிழில் சொல்வான். அவர் கையை உயர்த்தினால் இவனும் உயர்த்துவான். அவர் தண்ணீர் குடிக்கும்போது மட்டும் இவன் சும்மா நிற்பான். மேடையில் இருந்தது ஒரே ஒரு தம்ளர்.

காலையிலிருந்தே வயிற்றெரிச்சல்.

கூடத்தில் முந்நூறு பேர். அவர்கள் காதில் விழுந்தது முழுக்க இவன் குரல்; கண் மட்டும் அவர் மேல். அவருடைய மொழி தெரிந்தவன் அங்கே இவன் ஒருவன்தான். அவர் மளிகைச் சாமான் கணக்கை வாசித்தாலும், இவன் வாயைத் திறக்கும்வரை யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் வாசலில் கட்டியிருந்த பேனரில் அவர் முகம். இவன் பெயரைப் போட இடமில்லையாம்.

"குரல்தான் தம்பி உன்னுது, சரக்கு அவரோடது" என்று ஆராதனைக்கு முன்னால் மூப்பர் ஒருவர் முதுகில் தட்டிவிட்டுப் போயிருந்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். அது உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

வேதாகமக் கல்லூரியைப் பாதியில் விட்டவன் இவன். இப்போது ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல். பிரசங்கம் பண்ணச் சொல்லி இதுவரை இவனை ஒருவரும் கேட்டதில்லை.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவது வரிசையில் அவள் உட்கார்ந்திருந்த விதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவள் மடியில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. வியாழக்கிழமை ஆபரேஷன். சபையில் எல்லாருக்கும் தெரிந்த சேதி. அவள்தான் இன்னும் சரியென்று சொல்லவில்லை. கையெழுத்துப் போட ஆஸ்பத்திரிக்குப் போனவள், பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

இப்போது கண் கொட்டாமல் பிரசங்கியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பார்வை இவன்மேல் விழுந்து வருஷக்கணக்காகிறது.

பயப்படாதே, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று இவனும்தான் எத்தனை முறை சொல்லியிருக்கிறான். ஒரு தடவையாவது தலை நிமிர்ந்தாளா? நேற்று வந்து இறங்கிய மனிதர் சொன்னால், அதுவும் இதே வாயால் சொன்னால், அப்படியே உருகிப்போகிறாள்.

இவன் உப்பு காரம் சேர்க்கத் தொடங்கினான்.

பிரசங்கியாரின் பேச்சில் அது கிடையாது. வசனத்தில் இருந்ததை எடுத்தார். வசனம் நின்ற இடத்தில் தானும் நின்றார். இவன் நிற்கவில்லை. அவர் "தேவன் நல்லவர்" என்றால் இவன் "நல்லவர், வல்லவர், நம்மை விட்டு நகராதவர்" என்றான். கூடம் ஆமென் போட்டது. தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்துப் பிரசங்கியார் புன்னகைத்தார். அதுவும் எரிந்தது.

பிறகு அவர் நோயைப் பற்றிப் பேச வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

தேவன் சுகமாக்கலாம், சுகமாக்காமலும் போகலாம் என்றார். மருத்துவரின் கையும் அவர் கொடுத்த கைதான், அதை ஒதுக்காதீர்கள் என்றார். அதற்குப் பிறகும் பிள்ளை பிழைக்காமல் போனால், அன்றைக்கும் அவர் நம் தேவன்தான் என்றார்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இவனுக்காக நிறுத்தினார்.

இவன் மைக்கை வாயருகே கொண்டுபோனான். மூன்றாவது வரிசையைப் பார்த்தான். அவள் இவனைப் பார்க்கவில்லை. அவர் முகத்திலேயே கண்ணை வைத்துக் காத்திருந்தாள். 'பிழைக்காமல்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போய்விட்டது. அந்த இடத்தில் வேறொன்று தானாக வந்து விழுந்தது, அழகான மோனையோடு.

"கத்தி வேண்டாம், கர்த்தர் போதும்!"

கூடம் எழுந்து நின்றது. பின்வரிசையில் யாரோ அதைத் திருப்பிச் சொன்னார்கள். இவன் இன்னொரு முறை சொன்னான். இந்தத் தடவை முந்நூறு வாயும் இவன் வார்த்தையைச் சொன்னது.

பிரசங்கியார் ஒரு கணம் திகைத்துப்போனார். இத்தனை கசப்பான சொல்லை இவ்வளவு சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும் சபையை அவர் பார்த்ததே இல்லை போலும். கண் கலங்கிவிட்டார்.

கொஞ்ச நேரம் இவன் ராஜா.

கடைசி ஜெபம் முடிந்ததும் கூட்டம் இவனைச் சுற்றிக்கொண்டு அவரிடம் போயிற்று. ஆளுக்கு ஆள் முண்டியடித்து அவர் கையைப் பிடித்தார்கள். மைக் வயரைச் சுருட்டியபடி இவன் ஓரமாக நின்றான்.

பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவளும் வந்தாள். இவனைத் தாண்டித்தான் போனாள். ஒரு கையால் பாப்பாவை அணைத்துக்கொண்டு, மறு கையால் அவர் கையைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக என்னவோ சொன்னாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்புறம்தான் திரும்பி இவனைப் பார்த்தாள்.

"என்னங்க, கொஞ்சம் ஐயாகிட்ட சொல்லுங்களேன். நம்ம பாப்பாவுக்கு ஆபரேஷன் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். ஐயா சொன்ன அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு."

பிரசங்கியார் என்ன என்பதுபோல் இவன் பக்கம் திரும்பினார்.

இவன் சொன்னான். இந்த முறை கூட்டாமல் குறைக்காமல், சொல்லுக்குச் சொல்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அவள் கையை விடாமலே, மெதுவாக ஏதோ கேட்டார்.

"என்னங்க கேக்கறார்?" என்றாள்.

தோளில் பாப்பா முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. மூச்சு வாங்கியது. உதட்டோரம் நீலம்.

"'நான் எப்போ அப்படிச் சொன்னேன்'னு கேக்கறார்" என்றான்.