பவளக்கல் வேலி

இத்தாலியில், வியா மக்வேதா தெரு வீட்டின் உயரமான சாளரத்தால் இறங்கும் காலை வெயில், வீட்டுக்கார அம்மாவான சின்ஞோரா மேசையில் விரித்த படப்புத்தகத்தில் கிடக்கிறது. நெடுந்தீவு, சாந்தில்லாமல் அடுக்கிய பவளக்கல் வேலி, அதையொட்டி மேயும் காட்டுக் குதிரைகள். “இது உங்கள் ஊர்தானே?” என்கிறாள். வீடு துடைக்க வந்த கோபாலசிங்கம் தூசித்துணியைக் கசக்குகிறான். பட்டணத்துப் பள்ளியில் கூடப்படித்தவர்கள் ‘தீவான்’ என்று சிரித்த நாளிலிருந்து, யார் கேட்டாலும் அவன் பட்டணத்து நல்லூர்க்காரன். “இல்லை சின்ஞோரா, நான் டவுன்” என்று இத்தாலியனில் சொல்கிறான். அலுமாரி துடைக்கும் மனைவி குகனேஸ்வரி திரும்பாமலே தமிழில் கேட்கிறாள்: “உங்கட ஐயா அடுக்கின வேலியையும் தெரியாதோ?” ஒன்றும் விளங்காத சின்ஞோரா சிரித்தபடி அடுத்த பக்கத்தைப் புரட்டப் போகிறாள். அவன் அவசரமாகக் குனிந்து, தூசியே இல்லாத அந்தப் படத்துக் கற்களைத் துடைக்கிறான்.