பட்டு கசங்காமல்

சீட் பெல்ட்டைப் போடச் சொல்லி கார் கத்திக்கொண்டே இருந்தது.

முன்சீட்டில் மாமனார் தில்லைநாயகம். அவர் மடியில் பேத்தி. அவர் மகள் பிருந்தாவுக்கு இன்று முதல் வருஷத் திவசம். பாபநாசம் படித்துறைக்குக் கிளம்பியிருந்தார்கள்.

பிள்ளையைப் பின்னால் அதன் சீட்டில் வைத்துவிட்டு பெல்ட்டைப் போடுங்கள் மாமா என்று குமரகுருபரன் கெஞ்சிப் பார்த்தான்.

"எம் பிள்ள பெல்ட்டு போட்டும்தான போனா. பொறவு எனக்கு எதுக்கு மாப்ள? எடுங்க வண்டிய."

ஒரு வருஷமாக இதே பதில்தான்.

விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடி வந்தவர், எப்படி நடந்தது என்றுகூடக் கேட்கவில்லை. பெல்ட் போட்டிருந்தாளா என்றுதான் கேட்டார்.

போட்டிருந்தாள் என்று குமரகுருபரன் சொன்னான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் இதுவரை சோறு தின்றார்.

கார் விடவில்லை. தில்லைநாயகம் எரிச்சலோடு பெல்ட்டை இழுத்தார். முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், திரும்பிப் பார்க்காமலே மாட்டினார். டக். அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தார்.

சத்தம் நின்றது. காருக்கு என்ன தெரியும், பாவம். மாட்டினால் போதும், வாயை மூடிக்கொள்ளும்.

குமரகுருபரன் திரும்பி அந்தப் பெல்ட்டைப் பார்த்தான். இது வேறு கார்தான். அந்த 'டக்' மட்டும் அதே டக்.

குழந்தை எட்டி முன்கண்ணாடியைத் தட்டிச் சிரித்தது.

அவன் இஞ்சினை அணைத்தான்.

"அவ போடல மாமா. நான் பொய் சொன்னேன். பெல்ட்டு இப்படித்தான், அவ முதுகுக்குப் பின்னால கெடந்துச்சு."

தில்லைநாயகம் குழந்தையைத் தூக்கி மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார்.

ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்றும் கேட்கவில்லை.

கேட்க என்ன இருக்கிறது? வழியில் மகளே எடுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டாள் என்று இத்தனை நாள் நம்பியிருந்தார், அவ்வளவுதான்.

அன்று கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவளைக் கார் கதவருகே நிறுத்தி, புதுப்பட்டு கசங்கிவிடும் என்று சொல்லி, உள்ளே குனிந்து, ஆளில்லாத சீட்டில் பெல்ட்டை மாட்டிவிட்டு, இப்போது ஏறு தாயி என்றவர் அவர்தான்.