சுண்ணாம்பு எழுத்து

"12-2-1958. கம்பத்தில் பறந்து திசை காட்டும் காற்றுப்பை கிழிந்ததால், காற்றின் திசையை ஓடுதளத்தருகே சுண்ணாம்பால் பெரிதாக எழுதினேன். கிழக்கிலிருந்து வரும் காற்றை 'மேற்கு' என்று தவறாக எழுதிவிட்டு, இப்போதுதான் 'கிழக்கு' என்று திருத்தினேன்."

ஓடுதளப் பணியாளன் கூத்தையா குறிப்பேட்டை மூடும்போது, அவன் ஊர்க்காரன் சோணைமுத்து மூன்றாம் தடவையாகப் பயிற்சி விமானத்தை இறக்கினான், இம்முறை மேற்கு நோக்கி. காற்று பின்னாலிருந்து தள்ளியது. விமானம் நிற்காமல் ஓடி, உப்பளத்தில் மூக்குக் குத்தியது.

கூத்தையா பதறி ஓடினான். நெற்றியில் இரத்தம் வழிய வெளியே வந்தான் சோணைமுத்து.

"ஏலே, காத்துக்கு எதிர்த்தாப்லதான இறங்கணும்?" என்றான் கூத்தையா.

"நம்ம களத்துல பதர் போற பக்கத்தைத்தானடா காத்துன்னு சொல்லுவோம்! 'மேற்கு'ன்னு இருந்தப்ப கிழக்க பாத்து ரெண்டு தடவை நல்லாத்தான இறங்குனேன்? எந்த மடையன்டா அதை மாத்துனது?"

கூத்தையா குறிப்பேட்டைத் திறந்தான்.

"நாளை: எழுத்தை அழித்துவிட்டு, காற்றுப்பையைத் தைக்க வேண்டும்."