எல்லைக் கழுகு சொன்ன நாள்

“சண்டை வருமுங்களா, வராதுங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லிப்போடுங்க.”

கேட்டது மந்திரியும் இல்லை, தளபதியும் இல்லை. எருமப்பட்டியிலிருந்து மூன்று பஸ் மாறி வெண்ணந்தூர் வந்திறங்கிய நர்மதா. இடுப்பில் பதினோரு மாதப் பெண் குழந்தை. பின்னால், வந்ததிலிருந்து வாயே திறக்காத மாமியார் முத்தாயம்மாள்.

கேட்கப்பட்டவன் குமரகுரு. யூடியூபில் அவன் பெயர் ‘எல்லைக் கழுகு’. விசைத்தறிக் கொட்டகைக்கு மேலே இருக்கும் பத்துக்குப் பத்து அறைதான் அவனுடைய தனியார் ராணுவ உளவு ஆய்வு மையம். சுவர் நிறைய எல்லைப் படம், படம் நிறையச் சிவப்பு அம்புக்குறி. ஓசூரைத் தாண்டி வடக்கே அவன் போனதில்லை.

அதனால் என்ன? இணையத்தில் கிடைக்கிற செயற்கைக்கோள் படத்தில் வட்டம் போடுவான், ‘உயர்மட்ட வட்டாரம்’ என்பான், போர் மூளும் தேதியைச் சொல்வான். ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் ‘நம்பகத்தன்மை 94 விழுக்காடு’ என்று போடுவான். தொண்ணூற்றைந்து என்றால் பீற்றல் மாதிரி இருக்குமாம்.

ஒருமுறை அவன் பேசும்போது கீழே தறியை நிறுத்த மறந்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தை டாங்கிப் படை என்று நம்பி மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். குமரகுருவும் மறுக்கவில்லை.

நேற்றுத்தான் முதல் தடவையாகச் சறுக்கினான். ஒரே மாதிரி பேசி அலுத்துவிட்டதோ என்னவோ, “போர் வரலாம், வராமலும் போகலாம்” என்று வழவழவென்று முடித்துவிட்டான்.

“அதுதானுங்கண்ணா எங்களுக்குச் சிக்கலாப் போச்சு” என்றாள் நர்மதா. “எங்க ஊட்டுக்காரரு யோகேஷ் மிலிட்டரிங்க. எல்லையில இருக்காரு. இருபதாந்தேதி லீவுல வாரேன்னு சொல்லியிருக்காரு. பாப்பாவுக்கு மொட்டையடிச்சுக் காது குத்தோணும். சண்டைன்னா லீவு ரத்தாயிருமுங்க. இன்னைக்குப் பொழுதுக்குள்ள கோயில்ல நாள் சொல்லியாகோணும். நீங்க இப்படி ரெண்டுங்கெட்டானாச் சொல்லிப்போட்டா நாங்க என்னங்க பண்றது?”

“நம்ம வீடியோவெல்லாம் பார்ப்பீங்களா?” என்று கேட்டான் குமரகுரு, ஏதோ போகிற போக்கில் கேட்பதுபோல.

“ஒண்ணு உடமாட்டமுங்க. நீங்க பேச ஆரம்பிச்சா அத்தை சோத்துத் தட்டைக்கூட அப்படியே வெச்சுருவாங்க. என்ற வளைகாப்புக்கே, நீங்க சண்டை உறுதின்னு சொன்ன அன்னைக்குத்தானுங்க நாள் குறிச்சோம்.”

குமரகுருவுக்குப் புல்லரித்தது. போர் மூளுவதற்குள் விசேஷத்தை முடித்துவிட வேண்டும் என்று என்ன ஒரு பொறுப்பு. அவன் பேச்சை நம்பி அவன் பெண்டாட்டி ஒரு கிலோ தக்காளிகூட வாங்கியதில்லை.

“அவர் பாப்பாவைப் பார்த்திருக்காரா?”

“எங்கீங்க? போன்ல பாக்கறதுதான். இவளும் போனைக் காட்டினாலே ‘ப்பா’ங்கறா.”

அந்த நேரம் பார்த்துக் குழந்தை சுவரிலிருந்து ஓர் அம்புக்குறியை உரித்து வாயில் போட்டுக்கொண்டது. ஒரு முழுப் படைப்பிரிவு அது. குமரகுரு பதறிப்போய் விரலை விட்டு அதை வெளியே எடுத்தான். குழந்தை அவன் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

இத்தனை நாளும் லட்சம் பேருக்குச் சொன்னான், ஒருத்தர் முகமும் தெரியாது. இன்றைக்கு எதிரே ஒரு முகம் நிற்கிறது, அவன் வாயையே பார்த்துக்கொண்டு. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

கணினியைத் திறந்தான். வட்டம் போடாத, அம்பு ஒட்டாத படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். போன மாதம் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது எல்லாம். கால் மணி நேரம் கழித்து, தொழில் தொடங்கிய நாளிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்தான். உண்மையைச் சொன்னான்.

“இங்க பாருங்கம்மா. கேமரா முன்னால பேசறது வேற. இப்ப மனசறிஞ்சு சொல்றேன். அங்க படையும் நகரலை, ஒண்ணும் நகரலை. இந்த அம்பெல்லாம் நான் ஒட்டினது. சண்டை வராது. உங்க வீட்டுக்காரர் வந்துருவார். தைரியமா நாள் குறிங்க.”

சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. இவர்களுக்குக் காபி வாங்கி வரலாமா என்றுகூட யோசித்தான்.

நர்மதாவின் முகம் வெளுத்தது. “நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணா. வராதுங்களா?”

“வரவே வராது. என் குழந்தைங்க மேல சத்தியம்.”

அவ்வளவுதான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தையை இறுக்கிக்கொண்டு தேம்பித் தேம்பி அழத் தொடங்கினாள். குமரகுரு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“நல்ல சேதிதானம்மா சொன்னேன். எதுக்கு அழுகறீங்க?”

முத்தாயம்மாள் குனிந்து பேத்தியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

“நீ சொன்னா நடக்காதுங்கற நம்பிக்கையிலதான சாமி இத்தனை தொலைவு வந்தோம்.”