வெளுத்த முறிவு
துர்கானா ஏரிக்கரையில், புதைபடிவம் தோண்டும் மணலில் முற்பகல் வெயில் கொதிக்கிறது. விரித்த தாளில் பன்றியின் புதைபடிவத் தாடையெலும்பு இரண்டு துண்டாகக் கிடக்கிறது. பழைய முறிவென்றால் கறுத்திருக்கும். இது சுண்ணாம்பாய் வெளுத்திருக்கிறது. சற்றுமுன், பதிவு எழுதும் இளைஞன் லோங்கோலேயின் கையில்தான் முறிந்தது. யாரும் பார்க்கவில்லை. "யாரு கைவேலைப்பா இது? ஒட்டகம் மிதிச்ச மாதிரியில்ல இருக்கு!" மண் சலிக்கும் சல்லடையை ஆட்டியபடியே அகாய் சிரிக்கிறாள். கைநடுக்கம் உள்ள முதியவர் எவோய் எட்டிப் பார்க்கிறார். "என் கைதான் அகாய். காலைல தொடைச்சப்பவே விரிசல் விட்டிருக்கும். எழுதிக்க தம்பி, இனிமே நான் எலும்பைத் தொடல. சல்லடைக்கே போயிடறேன்." லோங்கோலே நிமிரவில்லை. எலும்புக்கான பதிவுச் சீட்டில் எண், தேதி, இடம் எழுதுகிறான். 'உடைந்த விதம்' என்ற கட்டத்தில் பேனா நிற்கிறது. காற்றில் சீட்டு படபடக்கிறது. எவோய் குனிந்து அதன் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். 'எவோயின் கைத்தவறு' என்று அவன் எழுதி முடிக்கும்வரை அந்த விரல் நடுங்கவே இல்லை.