பத்துப் பொருத்தம்

யோசனைக்காரரையும் கைவேலைக்காரரையும் சேர்த்துவைக்கும் ‘இணைகரம்’ தளத்திடம் முதலில் வாய்விட்டுச் சொன்னவருக்குத்தான் யோசனை சொந்தம். அதனால் அமுதவாணி தன் ‘விசில் வளையலை’ப் பற்றி, தளத்திடம் சொல்லும் நாள்வரை, வெளியில் மூச்சுவிடவில்லை. குக்கர் விசிலடித்தால், காது கேளாதவர் கையில் அதிரும் வளையல் அது. கணவன் பரிதியிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

தோசை வார்க்கும்போது தளம் கூப்பிட்டது. “உங்கள் கைத்திறனைத் தேடி ஒரு யோசனைக்காரர் வந்திருக்கிறார். பெயர் பிறகு. செய்ய வேண்டியது விசில் வளையல். பத்துப் பொருத்தமும் அமோகம். சம்மதமா?”

அவள் அடுப்பை அணைத்தாள். “சம்மதம்” என்றாள்.

அடுத்த அறையில் மணி அடித்தது. பரிதி துள்ளிக்கொண்டு வந்தான். “வாணி, எனக்கு ஆள் கிடைச்சாச்சு! பத்துக்குப் பத்துப் பொருத்தமாம்!”

“எந்த வேலைக்குங்க?”

“அதெல்லாம் சொன்னா உனக்குப் புரியாதுடி.”

கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தபோது ஏழுதான் தேறியது.