போத்தலுக்குள் பிளீச்

அருள்நாயகி ஒவ்வொரு பியர் போத்தலாக எடுத்து, புனல் வைத்து, பிளீச் கரைத்த தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். படியில் காலடி கேட்டதும் திரும்பிப் பாராமலே கத்தினாள்.

"இஞ்சாருங்கோ, கிட்ட வராதேங்கோ! போனமுறையும் உங்களாலைதான் எல்லாம் நாசமாப் போனது!"

படியில் நின்றது அவள் கணவன் இக்னேசியஸ் மட்டுமல்ல. அவருக்கு முன்னால், பனி ஒட்டிய சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி றெமிஜியஸ் நின்றார். தன் மகனுக்கு இந்த வீட்டு மகள் மெலிசாவைப் பேசி முடிக்க வந்தவர். மல்வேர்ன் பக்கம் வரும் பஸ் அதிசயமாக உடனே கிடைத்ததால், மதியச் சாப்பாட்டுக்கு வரவேண்டியவர் காலையிலேயே வந்துவிட்டார். வாசலில் நிற்கும்போதே நிலத்துக்குக் கீழே இருந்த பேஸ்மென்றிலிருந்து வந்த பியர் மணம் அவரைக் கீழே இழுத்துவிட்டது.

அவர் எல்லாவற்றையும் பார்த்தார். மூலையில் போர்வை சுற்றிய பெரிய வாளி 'புளுக், புளுக்' என்று கொப்பளித்துக்கொண்டிருந்தது. வெள்ளைத் துவாயின் மேல் போத்தல்கள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

அருள்நாயகி திரும்பினாள். கண் இரண்டும் சிவந்து கலங்கியிருந்தன.

"ஐயோ, அண்ணையே! மேலை போய் இருங்கோ. கையைக் கழுவிக்கொண்டு வாறன்."

றெமிஜியஸ் மேலே வந்தார். சோபாவில் இருந்துகொண்டு இக்னேசியஸைப் பார்த்தார்.

"இக்னேசியஸ், குறை நினையாதையும். நானும் ஒண்டும் முனிவரில்லை. விசேசமெண்டால் ஒரு கிளாஸ் எடுக்கிறனான். ஆனால் வீட்டுக்கை வாளி வைச்சுக் காய்ச்சி, கட்டினவளைக் கண்கலங்க வைக்கிறதோ? அந்த மனிசி போத்தலுக்கை பிளீச் ஊத்துற அளவுக்கு வந்திட்டுதே!"

இக்னேசியஸ் வாயைத் திறந்தார். பேஸ்மென்ற் கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒண்டு சொல்லுறன். நீர் பியர் காய்ச்சிறதை விட்டால் இண்டைக்கே நாள் குறிப்பம். இல்லாட்டில் நான் யோசிக்கவேணும்."

மேல்மாடியில் ஓடிக்கொண்டிருந்த மெலிசாவின் ஹெயர் ட்ரையர் பட்டென்று நின்றது.

"விட்டிடுறன் அண்ணை," என்றார் இக்னேசியஸ்.

"உப்பிடிச் சொன்னால் காணாது. அந்தோனியாரைப் பாத்துச் சொல்லும்."

இக்னேசியஸ் எழுந்து சுவரிலிருந்த படத்துக்கு முன்னால் போய் நின்றார். "அந்தோனியார் அறிய, இந்தக் கையாலை ஒரு துளி பியரும் காய்ச்ச மாட்டன்."

அவ்வளவு லேசாகச் சத்தியம் செய்த ஒரு குடிகாரனை றெமிஜியஸ் அதுவரை கண்டதில்லை. குரலில் ஒரு சின்னத் தடுமாற்றம்கூட இல்லை.

அருள்நாயகி தேத்தண்ணியும் றோல்ஸும் கொண்டுவந்தாள். றெமிஜியஸ் எழுந்து நின்றார்.

"தங்கச்சி, இனி நீங்கள் அழத் தேவையில்லை. இவர் சத்தியம் பண்ணிப்போட்டார்."

"என்ன சத்தியம்?"

"இனிப் பியர் காய்ச்சிறேல்லை எண்டு. உங்களைப்போல ஒரு தாய் வளர்த்த பிள்ளைதான் எங்கடை வீட்டுக்கு வேணும்."

அருள்நாயகி கணவனைப் பார்த்தாள். றெமிஜியஸின் முதுகுக்குப் பின்னால் நின்று இக்னேசியஸ் உதட்டில் விரலை வைத்தார். அதே விரலால் மகளின் அறை இருந்த பக்கம் மேலே காட்டினார். கெஞ்சுகிற மாதிரிக் கண்ணைச் சுருக்கினார்.

பேசாமல் இருந்தால் கலியாணம் முடிந்த மாதிரித்தான். மூன்று இடம் பேசிப் பார்த்து, ஒன்றும் சரிவராமல் நாலாவதாக வந்த சம்பந்தம். ஆனால் இந்த மனிசன் இனி ஒவ்வொரு நல்லது கெட்டதிலும் சம்பந்தி வீட்டார் முன்னால் குடிகாரன் என்ற பெயரோடு போய் நிற்க வேண்டும்.

அவள் தட்டை மேசையில் வைத்தாள்.

"அண்ணை, பிள்ளையைப் பொய் சொல்லிக் குடுக்க எனக்கு ஏலாது. இவர் பாவம், ஒரு மிடறு குடிச்சால் தலையிடியெண்டு படுத்திடுவார். பியர் காய்ச்சிறது நான்."

றெமிஜியஸ் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப… அந்தப் பிளீச்?"

"கழுவத்தான் அண்ணை. அதாலை கழுவி, பிறகு கொதிச்சாறின தண்ணியிலை அலசவேணும். ஒரு கிருமி மிஞ்சினாலும் முழுவதும் புளிச்சுப் போம். இவர் போனமுறை சோறு அளைஞ்ச கையோடை குழாயைத் தொட்டு, ஒரு வாளியையே வெளியிலை ஊத்த வைச்சவர்."

"கண் சிவந்தது?"

"உந்தப் பிளீச் மணத்துக்குத்தான். அப்பத்துக்கு மாப் புளிக்க வைக்கிறனான் எண்டு கதைவாக்கிலை சொல்ல, வேலையிடத்திலை ஒரு போலந்துக்காரி இதைப் பழக்கிவிட்டவள். செய்து பாத்தன், கை விடுகுதில்லை." அவள் குரல் இறங்கியது. "பிழையெண்டு நினைச்சால் சொல்லுங்கோ அண்ணை. ஆனால் மெலிசாவுக்கு உதிலை ஒரு பங்கும் இல்லை."

தேத்தண்ணியில் ஆவி பறந்தது. றெமிஜியஸ் பேஸ்மென்ற் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செய்ததிலை ஏதும் மிச்சம் கிடக்கோ?"

"நத்தார்ப் பண்டிகைக்குச் செய்ததிலை ரெண்டு கிடக்கு."

இக்னேசியஸ் எழும்பினார். "நீங்கள் இருங்கோ!" என்று அவரை மறித்துவிட்டு அருள்நாயகியே கீழே போனாள். ஒரு போத்தலும் துடைத்த கிளாஸும் கொண்டுவந்து, சரித்துப் பிடித்து, நுரை அளவாக நிற்க ஊற்றினாள்.

றெமிஜியஸ் மணந்து பார்த்தார். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். கண்ணைத் திறக்காமலே இன்னொரு வாய் குடித்தார். மாடிப்படியின் மேல்தட்டில், பாதித் தலைமயிர் காய்ந்தபடி, மெலிசா மூச்சுவிடாமல் நின்றாள்.

அவர் வெறும் கிளாஸை மேசையில் வைத்தார்.

"சம்பந்தி, கலியாணத்துக்குக் கடைப் பியர் வேண்டாம்."